கரட்டில் ஒரு சின்னான், வாசலில் ஒரு குவாரிக்காரர்

கேள்வி: தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பா தவறி ஆறு வருஷம் ஆகிறது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான், 9 ஏக்கர் 40 சென்ட். அஞ்சு ஏக்கரில் கேழ்வரகும் கொள்ளும் போடுகிறோம். மீதி பாறைக் கரடு, ஆடு மேய்வதைத் தவிர வேறு எதற்கும் ஆகாது. போன மாசம் பெங்களூரில் படிக்கும் என் மகள் நண்பர்களோடு வந்து, அந்தக் கரட்டில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவையைப் பார்த்தாள். அருகிவரும் பறவையாம். அப்புறம் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். கரட்டை இப்படியே வைத்திருக்க ஒப்பந்தம் போட்டால் வருஷம் ஒரு தொகை தருவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் 11 பக்கப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் நிலக்காரர்கள் இப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றார்கள். ஓசூரில் இருக்கும் அண்ணனோ, “கிரானைட் குவாரிக்குக் கேட்கிறார்கள், பறவை விஷயம் வனத்துறைக்குத் தெரிந்தால் நிலமே போய்விடும், வாயை மூடிக்கொண்டு இரு” என்கிறார். அம்மா என்னோடு இருக்கிறார். நான் கையெழுத்துப் போடலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

வணக்கம்மா. இப்போதைக்குப் போடாதீர்கள். ஒப்பந்தம் கெட்டது என்று சொல்லவில்லை. அந்த 11 பக்கத்தில் எழுதியிருக்கும் நிலம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை, அதுதான் காரணம். அதை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அண்ணனின் பயத்தைப் பார்த்துவிடுவோம். முப்பது வருஷமாக தருமபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் நில வழக்கு பார்க்கிறேன். “வனத்துறைக்குத் தெரிஞ்சா நிலம் போயிடும்” என்று எத்தனை பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை.

பட்டா நிலத்தில் ஓர் அரிய பறவை இருக்கிறது என்பதற்காக நிலத்தை எடுத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. சரணாலயம் அறிவிப்பது வேறு விஷயம். பட்டா நிலத்தை அதில் சேர்க்க வேண்டுமென்றால் அரசின் அறிவிப்பு, கலெக்டர் விசாரணை, உரிமை கோர அவகாசம், இழப்பீடு என்று நீண்ட நடைமுறை இருக்கிறது. 2014-இல் வந்த காவிரி வடக்குச் சரணாலயமும் 2022-இல் வந்த காவிரி தெற்குச் சரணாலயமும் யாரோ ஒருவர் பட்டாக் கரட்டில் சின்னானைப் பார்த்ததால் வந்தவை அல்ல. வனவுயிர்ச் சட்டம் உங்களைத் தடுப்பது வேட்டையிலிருந்து. “வேட்டை” என்ற சொல்லுக்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். அதனால் கூடு இருக்கும் புதரில் அரிவாள் வைக்காதீர்கள். மற்றபடி கரட்டில் ஆடு மேய்க்கவோ, அடுத்த வருஷம் கொள்ளு விதைக்கவோ அந்தப் பறவையைக் காட்டி யாரும் தடை போட முடியாது.

அமெரிக்காவில் இதே பயம் நியாயமான பயமாக இருந்தது. அறக்கட்டளைக்காரர்கள் சொன்ன ஒப்பந்தம் பிறந்ததே அதனால்தான். 1973-இல் அங்கே வந்த அருகிவரும் உயிரினச் சட்டம், விலங்கை மட்டுமல்லாமல், அது தங்கும் இடத்தை அழிப்பதையும் தனியார் நிலம் வரை வந்து தடுத்தது. அங்கே தென்பகுதிப் பைன் காடுகளில் ரெட் காக்கேடட் என்று ஒரு மரங்கொத்தி உண்டு. உயிரோடு நிற்கும் வயதான பைன் மரத்தில்தான் பொந்து குடையும். ஒரு பொந்தை முடிக்க வருஷக்கணக்கில் ஆகும். மரம் முதிர்ந்தால் பறவை வரும், பறவை வந்தால் மரத்தை வெட்ட முடியாது. நிலக்காரர்களில் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? மரம் முதிர்வதற்கு முன்பே வெட்டி விற்றுவிட்டார்கள்.

இதைப் பார்த்துத்தான் 1995-இல் வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் சேஃப் ஹார்பர் என்ற ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். கையெழுத்திடும் நாளில் நிலத்தில் எத்தனை பறவைக் குடும்பம் இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்வார்கள். அதுதான் தொடக்கக் கணக்கு. நிலக்காரர் ஒழுங்காகப் பராமரித்துப் பறவை பெருகினால், பெருகியதற்காக அவர் தலையில் புதுக் கட்டுப்பாடு ஏறாது. பின்னால் தொடக்கக் கணக்கு வரை திரும்பிப் போகவும் அவருக்கு உரிமை உண்டு. முதலில் சேர்ந்தவர்களில் ஒரு கோல்ஃப் மைதானக்காரரும் இருந்தார். 2024-இல் அந்த மரங்கொத்தியை அபாயப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கினார்கள். ராணுவ முகாம் காடுகளில் நடந்த பராமரிப்பு, மரத்தில் பொருத்திய செயற்கைப் பொந்துகள் என்று அதற்குப் பல காரணம் உண்டு, இந்த ஒப்பந்தங்களும் அவற்றில் சேர்த்தி.

கதை நல்ல கதைதான். ஆனால் அங்கே நிலக்காரருக்குக் கிடைப்பது முக்கியமாகக் காசு அல்ல, “இதற்கு மேல் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்” என்ற அரசின் உறுதிமொழி. எதிர்ப்பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அரசு. உங்கள் பத்திரத்தில் எதிர்ப்பக்கம் இருப்பது அறக்கட்டளை. அவர்கள் காசு தரலாம். அரசு சார்பில் ஒரு வார்த்தை கூடத் தர முடியாது. அதனால் “அமெரிக்கா மாதிரி” என்பதை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள்.

நம் சட்டத்தில் இதற்குக் கிட்டே வருவது வனவுயிர்ச் சட்டத்தின் 36-சி பிரிவு. 2002 திருத்தத்தில் சேர்த்தது. ஊரோ தனி ஆளோ தானாக முன்வந்தால் பட்டா நிலத்தைச் சமூகக் காப்பகமாக அரசு அறிவிக்கலாம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். 2022 திருத்தத்துக்கு அப்புறம், தனியார் நிலம் என்றால் மேலாண்மைக் குழுவில் நிலக்காரருக்கும் இடம் உண்டு. கூடவே வனத்துறையிலிருந்து ஒருவர், பஞ்சாயத்து அல்லது பழங்குடிச் சமூகத்திலிருந்து ஒருவர். மாண்டியா மாவட்டத்துக் கொக்கரெ பெள்ளூர் அப்படிப்பட்ட காப்பகம்தான். ஊருக்குள் நிற்கும் புளியமரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. பறவைக்காகப் புளி உலுக்காமல் விட்ட மரக்காரர்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுத்திருக்கிறது. இங்கிருந்து அரை நாள் பயணம், மகளோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் முதல் அடியே 36-சியில் வைக்க நான் சொல்ல மாட்டேன். அறிவிப்பு வந்துவிட்டால், நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் குழுவின் தீர்மானம் வேண்டும், அதன்மேல் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். இத்தனை வருஷம் என்ற கெடுவும் அந்தப் பிரிவில் கிடையாது. நாளைக்கு உங்கள் அம்மாவின் வைத்தியச் செலவுக்கு ஒரு ஏக்கரை விற்க நேர்ந்தால், வாங்குகிறவர் அந்தக் கட்டையும் சேர்த்துத்தான் வாங்குவார், அதற்கேற்ற விலைதான் கொடுப்பார். அஞ்சு வருஷம் சாதாரண ஒப்பந்தத்தில் ஓட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் அப்புறம் காப்பகம் கேட்கலாம். (மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி மாதிரி, பல்லுயிர் நிறைந்த இடம் என்று அரசு அறிவிக்கும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் கேட்கலாமா என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். அங்கே ஏழு குன்றும் ஏரிகளும் குகைக் கல்வெட்டும் இருக்கின்றன. நாலு ஏக்கர் கரட்டுக்கு அது ஒத்துவராது.)

சரி, பட்டாவுக்கு வருவோம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அது அவர் சம்பாதித்த நிலம் என்றால், உங்கள் அம்மா, அண்ணன், நீங்கள் மூன்று பேருக்கும் சமபங்கு. வேறு வாரிசு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காத வரைக்கும் கரடு யாருடையது, கொல்லை யாருடையது என்று கை காட்ட முடியாது. ஒவ்வொரு சென்ட்டிலும் மூன்று பேரும் இருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் போடும் கையெழுத்து உங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி யாரையும் கட்டாது. 11 பக்கம் தயாரித்தவர்கள் வாரிசுச் சான்றிதழ் ஒன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால், அவர்கள் பறவை பார்த்த அளவுக்கு வில்லங்கம் பார்க்கவில்லை.

இதே கணக்கு குவாரிக்கும் பொருந்தும். பட்டா நிலத்தில் கிரானைட் குத்தகை கேட்கும் விண்ணப்பத்துக்கு எல்லா உரிமையாளர்களின் சம்மதமும் வேண்டும். அண்ணன் மட்டும் தலையாட்டினால் போதாது. அதனால் அடுத்து உங்கள் வீட்டுக்கு வரக்கூடியது ஒரு பவர் பத்திரமோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோதான். “பட்டா மாத்தறதுக்கு”, “லோனுக்கு” என்று ஏதாவது சொல்லி நீட்டுவார்கள். உங்கள் அண்ணனைச் சொல்லவில்லை, குவாரிக்கு நிலம் பிடிக்கும் தரகர்களை எனக்குத் தெரியும். படித்துக் காட்டாமல் அம்மாவைக் கைநாட்டு வைக்க விடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது வாரிசுச் சான்றிதழ், கூட்டுப் பட்டா, பிறகு பதிவு செய்த பாகப்பிரிவினை. முடிந்தால் கரட்டை உங்கள் பாகத்தில் வாங்கிக்கொண்டு, வண்டிப்பாதை ஓரம் அண்ணனுக்குக் கொஞ்சம் கூட விட்டுக்கொடுங்கள். பறவையைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வரும், பாதையோர நிலத்தைப் பற்றிப் பேசினால் உட்கார்ந்து கேட்பார்.

பாகம் பிரிப்பதற்கு முன்னால் இன்னொன்று. எந்த சர்வே எண் பட்டா, எது புறம்போக்கு என்று காட்டும் அ-பதிவேட்டைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள், புல வரைபடம் எடுங்கள், சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். நம் பக்கத்தில் “எங்க கரடு” என்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அளந்தால் அடிவாரச் சரிவு மட்டும் பட்டாவாக இருக்கும், உச்சிப் பாறை கல்லாங்குத்துப் புறம்போக்காக, அதாவது அரசின் பாறை நிலமாக இருக்கும். பாலக்கோடு பக்கம் ஒரு கட்சிக்காரருக்கு இப்படித்தான் ஆனது. கரட்டில் ஒரு பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை வருஷா வருஷம் முட்டையிடும். அதற்காக ஆசையாக ஓர் ஒப்பந்தம் எழுதினோம். கையெழுத்துக்கு முந்தின வாரம் சர்வேயர் சங்கிலி இழுத்தார். நாங்கள் கீழே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், கல் நட வேண்டிய இடம் பாறைக்கு இந்தப் பக்கமே, பத்துப் பன்னிரண்டு அடி முன்னாலேயே வந்து நின்றுவிட்டது. ஆந்தை அரசாங்கத்தின் பக்கம், பத்திரத்தில் இருந்தது வெறும் சரிவு. நான் முதலில் அளக்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

புறம்போக்குப் பாறையை அரசே குவாரிக்கு ஏலம் விடலாம். அப்போது உங்கள் ஒப்பந்தம் உதவாது, ஊர்தான் உதவும். பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். பல ஊரில் அது காகிதத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் அவர்களுடைய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்தக் கரட்டையும் பறவையையும் ஏற்றச் சொல்லுங்கள், கிராம சபையில் ஒரு தீர்மானமும் போடுங்கள். நாளைக்குச் சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டத்தில் ஆட்சேபணை எழுத ஓர் ஆதாரம் கையில் இருக்கும். கரட்டிலிருந்து சரணாலய எல்லை எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். 1 கி.மீ.க்குள் வந்தால் அண்ணனோடு வாக்குவாதமே வேண்டாம். சரணாலய எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுரங்க வேலை கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலிலும் உறுதி செய்திருக்கிறது. கரட்டில் பாண்டவர் வீடு என்று சொல்லும் கல்திட்டையோ நடுகல்லோ இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள், நம் மாவட்டத்தில் எந்தப் பாறைக்குப் பின்னால் எது இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது ஒப்பந்தம். முதல் நிபந்தனை, தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படி அவர்கள் வசதிக்கு இருக்கட்டும், முரண்பாடு வந்தால் தமிழ்ப் படியே செல்லும் என்று ஒரு வரி சேருங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மரம் வளர்ப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட ஒருவர் என்னிடம் வந்தார். அவர் நினைத்துக்கொண்டிருந்தது அஞ்சு வருஷம். ஏழாம் பக்கத்தில், கெடு முடிய ஆறு மாதத்துக்கு முன் எழுத்தில் மறுக்காவிட்டால் ஒப்பந்தம் அதே காலத்துக்குத் தானாக நீளும் என்று இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை நீண்டும் விட்டது. உங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமை, கார்பன் கிரெடிட் உரிமை (மரமும் மண்ணும் பிடித்து வைக்கும் கரியைக் கணக்கிட்டு விற்கும் உரிமை), “நிரந்தரமாக” என்ற சொல், இந்த மூன்றையும் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் அடித்துவிடுங்கள்.

குத்தகை என்ற வார்த்தை வந்தாலும் உஷார். குத்தகை என்றால் நிலத்தின் சுவாதீனம் அவர்கள் கைக்குப் போகும், ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பதிவும் செய்ய வேண்டும். உங்களுக்குத் தேவை அது இல்லை. நிலம் உங்கள் சுவாதீனத்தில் இருக்கும், சில வேலைகளைச் செய்வீர்கள், சிலவற்றைச் செய்யாமல் இருப்பீர்கள், அதற்கு அவர்கள் தொகை தருவார்கள், அவ்வளவுதான். வெளிநாடுகளில் நிலத்தோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கட்டு ஒன்று எழுதுவார்கள். நம் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் அது நிற்காது. வசதியுரிமை கேட்பவருக்கு அதனால் பலன் பெறும் நிலம் ஒன்று இருக்க வேண்டும், அறக்கட்டளைக்கு உங்கள் ஊரில் நிலம் ஏது?

அமெரிக்க ஒப்பந்தத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், அது தொடக்கக் கணக்கு. ஆனால் பறவையை எண்ணி எழுதாதீர்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான், கொண்டைக்குருவி மாதிரி முற்றத்துக் கம்பியில் வந்து உட்காரும் ஜாதி இல்லை. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது, அந்தக் குன்றிலும் பாறை இடுக்குப் புதர்களில் மறைந்து திரியும். கண்ணில் படுவதை விடக் காதில் விழுவதுதான் அதிகம். உலகப் பட்டியலில் அது அழிவாய்ப்புள்ள இனம், அதாவது “அருகிவரும்” என்பதற்கு ஒரு படி முன்னால். இந்த வருஷம் கண்ணில் படவில்லை என்றால் தொகையை நிறுத்துவார்களா? அப்படி ஒரு நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டால் பறவையின் கூச்ச சுபாவத்துக்கு நீங்கள் ஜாமீன் நிற்கிறீர்கள். உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது பாறை, புதர், ஆடு, தீ. அதை எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“தொடக்க நிலை: மேற்படி சர்வே எண்ணில் எனக்குப் பாத்தியமான பாறைச் சரிவு. இதற்குச் சக்குபந்தி: கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே கல்லாங்குத்துப் புறம்போக்கு, வடக்கே ஓடை, தெற்கே என்னுடைய கேழ்வரகுக் கொல்லை. இதற்குட்பட்டு இன்றைய தேதியில் கல்லிச்சி மரம் 3, காரை, சூரை, உண்ணிப் புதர்கள், உடைக்கப்படாத பாறைகள் உள்ளன. ஆடு மேய்ச்சல் வழக்கத்தில் உள்ளது, அது தொடரும்.”

பெயர்களையும் எண்ணிக்கையையும் உங்கள் கரட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். சந்தன மரம் நின்றால் அதையும் எண்ணி எழுதிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது. கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய பத்திரத்தில் மேய்ச்சல் கூடாது என்று இருந்தே தீரும். கூடு கட்டும் மாதங்களில் ஆடுகளை அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கவும் விடமாட்டேன் என்று பேசி வாங்குங்கள், அது நடக்கிற காரியம். உண்ணியை வேரோடு அழிப்பது என்று ஒரு வரி இருந்தால் அதிலும் கொஞ்சம் பேசுங்கள். உண்ணி அந்நியக் களைதான், போக வேண்டியதுதான். ஆனால் ஒரே கோடையில் மொட்டையடித்தால் சின்னான்களுக்குப் பழமும் போகும் மறைவும் போகும். காரையும் சூரையும் எழுந்து வர வர, பகுதி பகுதியாக எடுக்கலாம்.

காலம் 5 வருஷம். இரு தரப்பும் 90 நாள் எழுத்து நோட்டீஸில் விலகலாம். விலகினால், வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதும் இருக்கட்டும். யானை மாதிரி காட்டு விலங்குகளால் ஆகும் பயிர்ச்சேதத்துக்கு நிவாரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு அப்படியே இருக்க வேண்டும். கரட்டைச் சுற்றி வேலி போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததும், இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றதும் உங்களுக்கும் மறந்திருக்காது. அதே வருஷம் சோலார் வேலிக்குக்கூடப் பதிவு வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி வந்தது. பனி மாதங்களில் கேழ்வரகு தேடி யானை வரும் பாதையில், அறக்கட்டளைக் காசில் போட்ட வேலிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தொகையைப் பொறுத்தவரை, குவாரிக்காரர் சொல்வதோடு போட்டி போட எந்த அறக்கட்டளையாலும் முடியாது, அந்த ஆசையில் இறங்காதீர்கள். நியாயமாகக் கேட்கக்கூடியது, மேய்ச்சல் குறைவதால் வாங்க வேண்டிய தீவனச் செலவும், கரட்டைக் காவல் பார்க்கும் ஆளுக்குக் கூலியும். அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். ஓசூர்க் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்றால் அதை ஒவ்வொரு வருஷமும் போர்டில் வைத்துத் தீர்மானிப்பார்கள், அடுத்த வருஷம் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். ஒரு வருஷத் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். குவாரிக் காசு பெரிய காசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூசி பறந்து வந்து உட்காரப்போவது உங்கள் அஞ்சு ஏக்கர் கேழ்வரகின் மேல். அண்ணன் ஓசூரில் இருக்கிறார், நீங்களும் அம்மாவும் அங்கே இருக்கிறீர்கள்.

சர்வேயருக்கு மனு போட்டுத் தேதி வாங்கியதும் மகளையும் வரச் சொல்லுங்கள். பறவை உட்கார்ந்த பாறையை அவள் காட்டட்டும். கல் அந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு, புல வரைபட நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.